மோனின்: ஒரு டிரம் கலைஞரும் பிலடெல்பியா நால்வரும்

ஜாஸ் வரலாறு – அத்தியாயம் 17

சென்ற அத்தியாயத்தில் கண்ட பீபாப் பாணி, 1940-களின் நடுப்பகுதியில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலியோரின் கைகளில் உருப்பெற்றபோது, ஜாஸின் இலக்கணத்தை எவ்வளவு விரிவாக்கியதோ அவ்வளவுக்கு அதன் ரசிகர் வட்டத்தைச் சுருக்கவும் செய்தது. பெரிய வாத்தியக் குழுக்களின் ஸ்விங் இசைக்கு நடனமாடிப் பழகிய மக்களுக்கு, மெட்டைச் சில நொடிகளில் வாசித்து முடித்துவிட்டு, அதன் அடியில் ஓடும் கார்ட் வரிசையை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதிகளின் வரிசையை, மட்டும் பற்றிக்கொண்டு மின்னல் வேகத்தில் புனையப்படும் இந்த இசை பிடிபடவில்லை. போர்க்காலத்தில், 1944-இல், ஆட்டமும் பாட்டும் நடக்கும் விடுதிகள்மீது அமெரிக்க அரசு விதித்த கேளிக்கை வரியும் தன் பங்குக்கு விடுதிக்காரர்களை நடனத் தளத்தைக் கைவிட்டு, நாற்காலிகளைப் போட்டு, வாத்திய இசையை மட்டும் வைத்துக்கொள்ளத் தூண்டியது. இவ்வாறு ஜாஸ், அமர்ந்து கேட்கும் கலையாகவும் பயின்றவர் ரசிக்கும் கலையாகவும் ஆனபோது, அதைப் பெற்றெடுத்த கறுப்பினக் குடியிருப்புகளில் இளைஞர்கள் ரிதம் அண்ட் ப்ளூஸ் எனப்படும் நடன இசையின் பக்கம் திரும்பிவிட்டிருந்தனர்.

இந்த இடைவெளிக்கு 1950-களில் இரு விடைகள் எழுந்தன. முதலாவது, மைல்ஸ் டேவிஸ் 1949-50 ஆண்டுகளில் ஒன்பது பேர் கொண்ட குழுவுடன் செய்த பதிவுகளிலிருந்து கிளைத்து, கலிபோர்னியாவில் ஜெரி மல்லிகன், செட் பேக்கர் போன்றோரால் வளர்க்கப்பட்ட கூல் ஜாஸ். அதிர்வில்லாத தொனியும் அளந்து எழுதிய அமைப்பும் கொண்ட இப்பாணி கல்லூரி அரங்குகளிலும் இடம்பிடித்தது. அந்தக் கல்லூரி ரசிகர்களின் பெரும் விருப்பத்துக்குரிய டேவ் புருபெக்கின் முகம் 1954 நவம்பரில் டைம் இதழின் அட்டையிலும் வந்தது. இரண்டாவது விடை நியூயார்க், பிலடெல்பியா, டெட்ராய்ட், பிட்ஸ்பர்க் ஆகிய கிழக்கு, வடக்கு நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளிலிருந்து வந்தது. அதுவே ஹார்ட் பாப். அந்தப் பாணியின் மிகத் தெளிவான சான்றாக இன்றும் சுட்டப்படும் 'மோனின்' என்ற இசைத்தட்டு எவ்வாறு உருவாயிற்று, அதன் ஈர்ப்பு எதில் அடங்கியுள்ளது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

ஹார்ட் பாப் பீபாப்பின் கல்வியைத் துறந்துவிட்ட பாணி அன்று. அதன் கலைஞர்கள் பார்க்கரின் கார்ட் அறிவையும் விரல் வேகத்தையும் முழுமையாகக் கற்றுத் தேர்ந்தவர்கள். ஆனால் அந்தக் கல்வியோடு அவர்கள் தங்கள் இளமையில் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கேட்ட காஸ்பல் பாடல்களையும், தெருமுனை மதுக்கடைகளின் ஜூக்பாக்ஸில் ஓடிய ப்ளூஸையும் சேர்த்துக்கொண்டனர். தென் மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்து வடக்கின் தொழில் நகரங்களுக்குப் பல லட்சம் கறுப்பின மக்கள் குடிபெயர்ந்த காலம் அது. அவர்கள் எடுத்துச் சென்ற வழிபாட்டு முறையில் போதகர் ஒரு சொற்றொடரை முழங்க, சபை அதற்குக் குரல்கொடுத்து மறுமொழி சொல்வது அடிப்படை வழக்கம். இந்த அழைப்பும் மறுமொழியும் ஹார்ட் பாப்பின் முதுகெலும்பாயிற்று. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 1955 டிசம்பரில் மான்ட்கோமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியதும், தேவாலயங்களே அந்தப் போராட்டத்தின் கூடாரங்களாக இருந்ததும் இதே ஆண்டுகளில்தான் என்பதால், தேவாலய ஒலியை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட இந்த இசையில் தன்மதிப்பின் குரலையும் அக்காலத்துக் கேட்போர் உணர்ந்தனர்.

ஜாஸ் மெசஞ்சர்ஸின் ஏற்ற இறக்கம்

ஆர்ட் பிளேக்கி 1919 அக்டோபர் 11 அன்று பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். பில்லி எக்ஸ்டைனின் பெரிய குழுவில் 1944 முதல் 1947 வரை டிரம் வாசித்தபோது கில்லெஸ்பி, பார்க்கர் ஆகியோரின் அருகிலிருந்து பீபாப்பைப் பயின்றவர். 1954 பிப்ரவரியில் நியூயார்க்கின் பேர்ட்லண்ட் விடுதியில் கிளிஃபோர்ட் பிரவுன், ஹோரஸ் சில்வர் முதலியோருடன் அவர் நடத்திய கச்சேரியின் பதிவு ஹார்ட் பாப்பின் பிறப்புச் சான்றுகளுள் ஒன்று. அவ்வாண்டின் இறுதியில் சில்வரும் பிளேக்கியும் சேர்ந்து ஜாஸ் மெசஞ்சர்ஸ் என்ற பெயரில் பதிவுகள் செய்யத் தொடங்கினர். 1955 பிப்ரவரியில் அவர்கள் பதிந்த சில்வரின் 'தி பிரீச்சர்' என்ற தேவாலயச் சாயல் கொண்ட பாடலை, மிகப் பழைய பாணியாக இருக்கிறதென்று ப்ளூ நோட் நிறுவனத்தின் ஆல்ஃபிரட் லயன் முதலில் விரும்பவில்லை என்பதும், வெளிவந்தபின் அதுவே விற்பனையில் முன்னின்றது என்பதும் ஜாஸ் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

சில்வர் 1956-இல் பிரிந்து தனிக் குழு அமைத்தார். மெசஞ்சர்ஸ் என்ற பெயர் பிளேக்கியிடம் தங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜாக்கி மெக்லீன், பில் ஹார்ட்மேன், ஜானி கிரிஃபின் போன்ற திறமைசாலிகள் குழுவில் வந்து போயினர் என்றாலும், பல நிறுவனங்களுக்கு மாறி மாறிச் செய்த பதிவுகளால் குழுவுக்கென்று ஒரு நிலைத்த உருவம் கிடைக்கவில்லை. இந்நிலையை மாற்றியவர் பென்னி கோல்சன். கில்லெஸ்பியின் பெரிய குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவரும், 'விஸ்பர் நாட்', 'ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்' ஆகிய மெட்டுகளால் இசையமைப்பாளராக ஏற்கெனவே பெயர் பெற்றவருமான அவர், 1958-இல் பிளேக்கியுடன் சேர்ந்து குழுவின் இசைப் பொறுப்பை ஏற்றார். உறுப்பினர்களை மாற்றுவது, புதிய மெட்டுகளைச் சேர்ப்பது, ஒத்திகையை ஒழுங்காக்குவது என்று அவர் சொன்ன ஆலோசனைகளை, வயதில் மூத்தவரும் குழுவின் தலைவருமான பிளேக்கி ஏற்றுக்கொண்டது இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

கோல்சன் தம் சொந்த ஊரான பிலடெல்பியாவிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தார். டிரம்பெட் கலைஞர் லீ மோர்கன், 18 வயதில் கில்லெஸ்பியின் குழுவில் சேர்ந்து, 1957 செப்டம்பரில் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெயின்' பதிவிலும் வாசித்துவிட்டிருந்தார். 'மோனின்' பதிவின்போது அவருக்கு வயது 20. பியானோ கலைஞர் பாபி டிம்மன்ஸ், வயது 22, மதபோதகரான தாத்தாவின் பராமரிப்பில் வளர்ந்து, தேவாலயத்தில் வாசித்துப் பழகியவர். டபுள் பேஸ் கலைஞர் ஜிம்மி மெரிட், வயது 32, அதற்கு முன் ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங்கின் குழுவில் இருந்தவர்; மின்சார பேஸ் கிட்டார் பரவலாவதற்கு முன்பே அதைக் கையாண்டவர்களுள் ஒருவர். கோல்சனுக்கு அப்போது 29, பிளேக்கிக்கு 39. பயின்ற பீபாப் கலைஞர், தேவாலய பியானோக்காரர், ப்ளூஸ் குழுவின் பேஸ் வாசிப்பாளர் என்று ஹார்ட் பாப்பின் உட்கூறுகள் அனைத்தும் இவ்வாறு ஒரே குழுவின் ஆட்களாகவே வந்து சேர்ந்தன.

ஹேக்கன்சாக் வீட்டுக் கூடம்

பதிவு 1958 அக்டோபர் 30 அன்று, நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹேக்கன்சாக் என்ற ஊரில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீட்டில் நடந்தது. பகலில் கண் பரிசோதகராகத் தொழில் செய்த வான் கெல்டர், அந்த வீட்டின் கூடத்தையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி, பக்கத்து அறையைக் கண்ணாடிச் சாளரம் வைத்த கட்டுப்பாட்டு அறையாக மாற்றியிருந்தார். ஜெர்மன் தயாரிப்பான நாய்மன் மைக்குகளை அமெரிக்காவில் முதலில் கையாண்டவர்களுள் ஒருவரான அவர், மைக்கை வாத்தியத்துக்கு மிக அருகில் வைத்ததால், அவருடைய பதிவுகளில் டிரம்பெட்டின் மூச்சும் ஹை-ஹாட் எனப்படும் கால்தாளத்தின் ஒலியும் கேட்பவரின் எதிரிலேயே எழுவதாகத் தோன்றும். பிளேக்கியைப் போன்று கையழுத்தம் மிகுந்த டிரம் கலைஞருக்கு இத்தகைய பதிவு எவ்வளவு தேவை என்பது எளிதில் விளங்கும்.

ப்ளூ நோட் நிறுவனம், பெர்லினில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆல்ஃபிரட் லயனால் 1939-இல் தொடங்கப்பட்டது. நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி வந்த அவருடைய இளமை நண்பர், நிழற்படக் கலைஞர் பிரான்சிஸ் வுல்ஃப், அவ்வாண்டே உடன் சேர்ந்தார். சிறு நிறுவனங்கள் பலவும் கலைஞர்களை நேரடியாகக் கூடத்துக்கு அழைத்துச் சில மணி நேரத்தில் ஒரு தட்டை முடித்துவிடும் அக்காலத்தில், ப்ளூ நோட் ஒத்திகைக்கும் ஊதியம் கொடுத்தது. கோல்சன் எழுதிய நுணுக்கமான கூட்டு வாசிப்புகள் தடுமாற்றமின்றி ஒலிப்பதற்கு, குழு மேடைகளில் சேர்ந்து வாசித்த பழக்கத்தோடு இந்த ஏற்பாடும் காரணமாயிற்று. மேலும், 12 அங்குல எல்.பி. இசைத்தட்டு அப்போது நிலைபெற்றுவிட்டதால், மூன்று நிமிடத்தில் முடித்தாக வேண்டிய பழைய கட்டாயம் நீங்கி, தலைப்புப் பாடல் ஒன்பதரை நிமிடம் ஓட முடிந்தது.

எட்டு பார்களின் கட்டமைப்பு

'மோனின்' மெட்டின் பிறப்பைக் கோல்சன் பின்னாளில் பலமுறை விவரித்துள்ளார். டிம்மன்ஸ் கச்சேரிகளில் ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு பார் நீளமுள்ள ஒரு துணுக்கை விளையாட்டாக வாசிப்பதுண்டு. பார் என்பது இங்கே நான்கு எண்ணிக்கை கொண்ட தாள அலகு. அதை முழுப் பாடலாக்கலாம் என்று கோல்சன் சொன்னபோது, அது வெறும் துணுக்குதான் என்று டிம்மன்ஸ் தயங்கினார். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஒத்திகைக்குக் குழுவைக் கூட்டிய கோல்சன், பிரிட்ஜ் எனப்படும் நடுப்பகுதிக்கு மட்டும் எட்டு பார் எழுதினால் போதும் என்று வற்புறுத்தி, டிம்மன்ஸை பியானோவின் முன் அமர்த்தி எழுதி முடிக்கச் செய்தார். அமெரிக்கப் பாடல்களில் மிகப் பரவலான 32 பார் வடிவம் இவ்வாறு நிறைவுற்றது: முதல் எட்டு, அதே மெட்டில் இரண்டாம் எட்டு, வேறு மெட்டில் நடு எட்டு, மீண்டும் முதல் மெட்டில் கடைசி எட்டு.

அந்த முதல் எட்டு பார்களை நிதானமாகக் கேட்டால் இசைத்தட்டின் ஈர்ப்பு முழுவதும் அங்கேயே விதையாக இருப்பதை உணரலாம். பியானோ தனியாக ஒரு ப்ளூஸ் சொற்றொடரை வாசிக்கிறது. அது முடிந்த கணத்தில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பேஸும் டிரம்மும் ஒன்றாகச் சேர்ந்து இரண்டே கார்ட்களில் பதில் சொல்கின்றன. அவை துதிப்பாடலின் முடிவில் சபை முழுவதும் 'ஆமென்' என்று இழுத்துப் பாடும் அதே இரு கார்ட்கள். இரண்டு பாருக்கு ஒரு முறையாக இந்த அழைப்பும் ஆமெனும் நான்கு முறை நிகழ்கின்றன. இரண்டாம் எட்டில் இடங்கள் மாறி, ஊது வாத்தியங்கள் போதகராகின்றன. பியானோவும் பேஸும் டிரம்மும் சபையாகின்றன. நடு எட்டில் பதில்கள் நின்று, எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக முன்னே நடக்கும் வாக்கிங் பேஸின்மேல் ஸ்விங் நடை தடையின்றி ஓடத் தொடங்குகிறது. அதுவரை நின்று நின்று வந்த தாளம் இங்கே விடுபடுவதால் கேட்பவரின் காலும் தானாக அசையத் தொடங்கிவிடும். கடைசி எட்டில் மீண்டும் ஆமென் வரும்போது, ஒரு சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எவ்வித இசைப் பயிற்சியும் இல்லாதவருக்கும் உறுதியாகத் தெரிந்துவிடுகிறது.

இதன் விளைவு அடுத்து வரும் தனி வாசிப்புகளில் வெளிப்படுகிறது. மோர்கன், கோல்சன், டிம்மன்ஸ் ஆகியோர் ஆளுக்கு இரண்டு சுற்றும், மெரிட் ஒரு சுற்றும், அதே 32 பார் வடிவத்தின்மேல் தத்தம் மனோதர்மப்படி வாசிக்கின்றனர். அவர்கள் வாசிக்கும் சுரங்கள் பீபாப் மரபின் சிக்கல் நிறைந்தவை. ஆனால் வடிவத்தை முன்பே அறிந்துகொண்ட கேட்பவர், நடு எட்டு வருகிறது, சுற்று முடிகிறது என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே அவற்றைப் பின்தொடர முடிகிறது. பீபாப்பில் ரசிகரை வெளியே நிறுத்திய அதே வித்தை இங்கே அவரை உள்ளே அழைக்கிறது. 'மோனின்' எளிய இசை என்பதால் மக்களைக் கவர்ந்தது என்ற பொதுக் கருத்து இக்காரணத்தால் அரை உண்மையே ஆகும். எளிமை வாயிலில் இருக்கிறது. உள்ளே நிகழ்வது தேர்ந்த கலைஞர்களின் கடினமான வேலை. அந்த வேலையைக் கேட்பவர் அச்சமின்றித் தொடர்வதற்கு வாயிலின் எளிமையே வழிசெய்கிறது.

முதல் மூவரின் வாசிப்பும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டது. மோர்கன் குறுகிய சொற்றொடர்களை உயர்ந்த சுரத்தில் எறிந்து, இடைவெளி விட்டு, டிரம்பெட்டின் வால்வுகளைப் பாதி மட்டும் அழுத்திச் சுரத்தை வழுக்கவிட்டு, மேடையேறிய இளம் போதகரின் துடுக்கோடு வாசிக்கிறார். கோல்மன் ஹாக்கின்ஸ் வழிவந்த அகன்ற, மூச்சு கலந்த தொனி கொண்ட கோல்சன், ஓசை குறைந்த இடத்தில் தொடங்கிப் படிப்படியாக வேகத்தையும் சுரச் செறிவையும் கூட்டுகிறார். டிம்மன்ஸ், ஒரே சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து அழுத்தத்தை ஏற்றி, இறுதியில் இரு கைகளும் சேர்ந்து கார்ட்களாகவே மெட்டைப் பேசும் பிளாக் கார்ட் முறைக்கு வந்து சேர்கிறார்.

இவர்கள் அனைவரையும் பின்னின்று செலுத்துபவர் பிளேக்கி. ஒவ்வொரு பாரிலும் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் ஹை-ஹாட்டைக் காலால் அழுத்தி மூடி அவர் எழுப்பும் வெட்டொலி, ஜாஸ் கேட்டுப் பழகாதவருக்கும் தாளத்தின் தூணை அடையாளம் காட்டுகிறது. சுற்று முடியும் இடத்தில், கோல்களை ஸ்னேர் டிரம்மின் தோலில் அழுத்தி உருட்டி, மெல்லிய இரைச்சலிலிருந்து பேரொலியாக வளர்க்கும் பிரஸ் ரோல் அவருடைய தனி முத்திரை. அது அடுத்த சுற்றின் வாயிலைத் திறந்துவிடுகிறது. குழுவில் சேர்ந்த புதிதில் மென்மையாக வாசித்துவந்த தம்மை, பிளேக்கி இந்த உருட்டலால் மூழ்கடித்து, உரத்து வாசிக்கப் பழக்கினார் என்று கோல்சன் சொல்வதுண்டு. டிரம் இங்கே துணை வாத்தியம் என்ற நிலையைக் கடந்து, யார் எப்போது உச்சத்தை எட்ட வேண்டும் என்று தீர்மானிக்கும் நடத்துநராகிவிடுகிறது.

மற்ற ஐந்து பாடல்கள்

தட்டின் எஞ்சிய பாடல்களில் நான்கு கோல்சன் எழுதியவை. 'ஆர் யூ ரியல்' விரைந்த நடையில், இரு ஊது வாத்தியங்களும் இசைந்து முழங்கும் நேரான பாடல். 'அலாங் கேம் பெட்டி' தட்டிலுள்ள மிக நுட்பமான ஆக்கம்: ஒரு பெண்ணின் நிதானமான நடையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அதன் மெட்டில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று உரசாமல் ஒரே குரலாக நகர, அடியில் கார்ட்கள் எதிர்பாராத பக்கங்களுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கின்றன, பிளேக்கியும் தம் பலத்தை அடக்கிக்கொள்கிறார். உரத்து வாசிப்பதே ஹார்ட் பாப் என்று கருதுவோருக்கு இப்பாடல் தக்க மறுப்பு.

இரண்டாம் பக்கம் 'டிரம் தண்டர்' தொகுப்புடன் தொடங்குகிறது. நுனியில் உருண்டை கொண்ட மேலட் கோல்களால் வாசிக்க ஒரு பாடல் வேண்டும் என்ற பிளேக்கியின் விருப்பத்துக்காகக் கோல்சன் எழுதிய இது மூன்று பகுதிகள் கொண்டது. ஊது வாத்தியங்கள் சிறு சிறு தொடர்களை எறிந்து ஒதுங்க, நடுவிலுள்ள இடம் முழுவதும் டிரம்முக்குத் தரப்படுகிறது. அடுத்து வரும் 'ப்ளூஸ் மார்ச்', 12 பார் கொண்ட வழக்கமான ப்ளூஸ் வடிவத்தை ஊர்வல வாத்தியக் குழுவின் நடையில் அமைத்தது. பிளேக்கியின் ஸ்னேர் டிரம் அணிவகுப்புத் தாளத்தில் தொடங்க, மெட்டு முடிந்ததும் அதே தாளம் அறியாமலே ஸ்விங்காக நெகிழ்ந்துவிடுகிறது. நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஊர்வலமாகத் தொடங்கிய ஜாஸின் ஆதி வரலாற்றை ஹார்ட் பாப் இவ்வாறு நினைவோடு திரும்பிப் பார்க்கிறது. ஹெரால்ட் ஆர்லன் இசையமைத்து 1946-இல் ஓர் இசை நாடகத்துக்காக வெளிவந்த 'கம் ரெய்ன் ஆர் கம் ஷைன்' என்ற காதல் பாடல் தட்டை நிறைவு செய்கிறது. பொதுவாக மெதுவாகப் பாடப்படும் அது இங்கே துள்ளும் ஸ்விங் நடைக்கு மாற்றப்பட்டுள்ளது. தேவாலயம், தனிமனிதச் சித்திரம், டிரம் ஆட்டம், ஊர்வலம், மேடைப் பாடல் என்று ஆறு பாடல்களும் பல வகைச் சூழல்களைத் தொட்டும், ஐவரின் தொனி மாறாமல் இருப்பதால், ஒரே அமர்வில் ஒரே குழுவைக் கேட்ட நிறைவு எஞ்சுகிறது.

வரவேற்பும் எதிர்ப்பும்

தட்டு 1959 தொடக்கத்தில் வெளிவந்தபோது அதன் பெயர் 'ஆர்ட் பிளேக்கி அண்ட் தி ஜாஸ் மெசஞ்சர்ஸ்' என்பது மட்டுமே. ரீட் மைல்ஸ் வடிவமைத்த அட்டையில், பிளேக்கியின் முகம் நெருக்கத்தில் இருளிலிருந்து எழுந்து நிற்கிறது. முதல் பாடல் பெற்ற புகழால் தட்டும் நாளடைவில் 'மோனின்' என்றே வழங்கலாயிற்று. அப்பாடலை இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு பாதியாக, சிறிய 45 சுழற்சித் தட்டிலும் ப்ளூ நோட் வெளியிட்டது. ஜூக்பாக்ஸுக்கு ஏற்ற அந்த வடிவத்தில் ஜாஸ், பல ஆண்டுகளுக்கு முன் தான் இழந்த மதுக்கடைக் கூட்டத்தை மீண்டும் சென்றடைந்தது. ஜான் ஹென்ட்ரிக்ஸ் எழுதிய வரிகளுடன் லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் ராஸ் குழு இதைப் பாடலாகவும் பதிந்தது. சார்லஸ் மிங்கஸ் 1959-இல் பதிந்த இதே பெயருள்ள ஆக்கம் முற்றிலும் வேறானது என்பதை இங்கே குறிப்பிட்டுவிடுவது நல்லது.

தட்டு கடைக்கு வருமுன்பே ஐரோப்பா அந்த மெட்டைக் கேட்டுவிட்டது. 1958 நவம்பர் 22 அன்று பாரிஸின் ஒலிம்பியா அரங்கிலும், டிசம்பர் 21 அன்று சான் ஜெர்மான் விடுதியிலும் குழு வாசித்தது. விடுதிக் கச்சேரியில் டிம்மன்ஸின் தனி வாசிப்பு உச்சத்தை நெருங்கியபோது, அவையில் அமர்ந்திருந்த பியானோ கலைஞர் ஹேசல் ஸ்காட் தன்னையறியாமல் தேவாலயத்தில் எழுவது போன்றே குரலெழுப்பினார். அந்தக் குரல் ஒலிநாடாவில் பதிந்ததோடு, வெளியான தட்டில் பாடலின் பெயரே அவரைச் சேர்த்து 'மோனின் வித் ஹேசல்' என்று அச்சிடப்பட்டது. ஊது வாத்தியங்கள் சொல்லிக்கொடுத்த மறுமொழியை அவையோர் தாமாக எடுத்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1961-இல் குழு ஜப்பானுக்குச் சென்றபோது கிடைத்த வரவேற்பு இதையும் விஞ்சியது. உணவு கொண்டுசெல்லும் பையன்களும் தெருவில் 'மோனின்' மெட்டை முணுமுணுத்தனர் என்று அந்நாட்டில் இன்றும் சொல்லப்படுகிறது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. தேவாலயச் சாயல் கொண்ட மெட்டுகள் அடுத்தடுத்து வெளிவரத் தொடங்கியதும், 'ஃபங்க்', 'சோல்' என்ற அடைமொழிகள் விற்பனைத் தந்திரமாகிவிட்டன என்று விமரிசகர் சிலர் குறைகூறினர். பின்வந்த பல தட்டுகளைப் பொறுத்தவரை அக்குறை பொருந்தவும் செய்யும். மேலும், 'மோனின்' வெளிவந்த 1959-ஆம் ஆண்டே மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளிவந்த ஆண்டு. கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தட்டின் பெரும்பகுதியையும், ஆர்னெட் கோல்மன் கார்ட் வரிசையையே கைவிட்ட தம் புதிய இசையையும் பதிந்த ஆண்டு. அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'மோனின்' இசை இலக்கணத்தில் புதிய விதி எதையும் இயற்றவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒரு கலையின் வரலாறு புதுமைகளின் பட்டியலோடு முடிவதில்லை. கற்றோர் கலையாகிவிட்ட ஒன்றை, அதன் கல்வியில் ஒரு துளியும் குறைக்காமல், அது பிறந்த மக்களிடம் மீண்டும் கொண்டுசேர்ப்பது தனியொரு சாதனை. அந்தச் சாதனையில் ஹார்ட் பாப் எட்டிய உச்சங்களுள் 'மோனின்' முன்னிற்கிறது.

இந்த ஐவரும் நெடுங்காலம் சேர்ந்திருக்கவில்லை. கோல்சன் 1959-இல் விலகி, ஆர்ட் ஃபார்மருடன் ஜாஸ்டெட் என்ற குழுவைத் தொடங்கினார். அவ்விடத்துக்கு முதலில் ஹாங்க் மோப்லியும், பின்னர் வெய்ன் ஷார்ட்டரும் வந்தனர். பிரெடி ஹப்பர்டு முதல் வின்டன் மார்சாலிஸ் வரை மூன்று தலைமுறைக் கலைஞர்கள் பிளேக்கியின் குழுவில் பயின்று வெளியேறினர். 1990 அக்டோபரில் அவர் மறையும்வரை புதிய இளைஞர்கள் சேர்ந்துகொண்டே இருந்தனர். அவர்கள் அனைவரும் பலமுறை வாசித்தாக வேண்டியிருந்த பாடல் 'மோனின்'. டிம்மன்ஸோ 1959-இன் பிற்பகுதியில் கேனன்பால் அடர்லியின் குழுவுக்கு மாறி, சான் பிரான்சிஸ்கோவில் பதிவான 'திஸ் ஹியர்' மூலம் தேவாலய நடையை இன்னும் ஒரு படி மக்கள் பக்கம் நகர்த்தினார். ஹார்ட் பாப்பிலிருந்து சோல் ஜாஸ் கிளைத்த அந்தக் கதையையும், அதில் அடர்லி சகோதரர்களின் பங்கையும் அடுத்த அத்தியாயம் விவரிக்கும்.

(தொடரும்)